ஜிரோகாஸ்தர்: "பழைய வீடு" புதிதாகத் தெரிவது ஏன்?

அல்பேனியாவின் ஜிரோகாஸ்தர் நகரில் இனவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, "பழைய வீடு என்றார்கள், புதிதாகத் தெரிகிறதே, தவறான கட்டடத்துக்குப் போய்விட்டேனா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தவறான கட்டடத்துக்குப் போகவில்லை. ஆனால் பார்த்தது பழைய வீடு அல்ல. அந்த அருங்காட்சியகம் இருப்பது அல்பேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா பிறந்த இடத்தில். மூல வீடு 1916இல் தீக்கிரையானது. இப்போது நிற்பது 1966இல் மரபு வீட்டின் சாயலில் எழுப்பியது. அறைகள் அளவெடுத்து அடுக்கியதுபோல் இருந்ததாக எழுதியிருந்தீர்களே, காரணம் அதுதான். தொட்டிலும் செப்புப் பாத்திரங்களும் பார்க்கத் தகுந்தவைதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

மீதமிருக்கும் அரை நாளில் ஸெகாதே வீட்டுக்குப் போங்கள். அதே பலோர்த்தோ பகுதி, இன்னும் மேட்டில். 1811-12இல் கட்டிய இரட்டைக் கோபுர வீடு. கீழே தடித்த கல்சுவர், கிடங்கு, மழைநீர்த் தொட்டி, குடித்தனமெல்லாம் மேலே.

மேல்மாடி விருந்தினர் அறைக்குப் போனதும் உடனே ஜன்னல் பக்கம் ஓடாதீர்கள், காட்சி எங்கும் போய்விடாது. முதலில் கணப்படுப்பின் மேல் தீட்டிய பூக்களைப் பாருங்கள். பிறகு திரும்பி நின்று அண்ணாந்து பார்த்தால் மரத்தடுப்புள்ள சிறு பரண் தெரியும். அந்தக் காலத்தில் பெண்கள் அங்கிருந்து, கீழே உட்கார்ந்திருக்கும் ஆண்களின் கண்ணில் படாமல், விருந்தைக் கவனிப்பார்கள். இந்தப் பரணும் ஓவியமும் கண்ணில் பட்டால் சரியான வீட்டில் இருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும்: இது குடும்பத்துச் சொத்து, அலுவலக நேரத்தை எதிர்பார்க்க முடியாது. விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். கையில் லெக் (அல்பேனியப் பணம்) நோட்டு இருக்கட்டும். மழை பெய்திருந்தால் அந்தக் கல்பாதை வழுக்கும். செருப்போடு ஏறி நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினேன்.