நிதிக் குத்தகையில் எடுத்த கணினிகள் யாருடைய கணக்கில் வரவேண்டும்?

மூன்று ஆண்டுக் குத்தகைக்குக் கணினிகளை எடுத்திருக்கும் உங்கள் நிறுவனம் தவணையை வாடகைச் செலவாக எழுதினால் போதுமா என்றும், குத்தகைக்குக் கொடுத்தவர் அதை எப்படி எழுதுவார் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குத்தகை என்றதும் நமக்கு வயல்தான் நினைவுக்கு வருகிறது. அறுவடை முடிந்து காலம் தீர்ந்ததும் நிலம் தேயாமல் உடையவரிடம் திரும்பிவிடும். கணினி அப்படியல்ல. அதன் ஆயுளே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்தான் என்னும்போது, பயன் முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பழுதாகும், பழையதாகும் அபாயமும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. பில் யார் பெயரில் இருந்தாலும், இது கடன் வாங்கிச் சொத்து வாங்கியதற்குச் சமம் என்பதே நிதிக் குத்தகைக் கணக்கின் அடிப்படை.

கணினிகளின் விலை 10,00,000 ரூபாய், வட்டி விகிதம் 10 சதவீதம், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் தவணை 4,02,115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்ட் ஏஎஸ் எனப்படும், பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலைகள் பொருந்தாத சிறு நிறுவனங்களுக்கு உரியது ஏஎஸ் 19 என்ற குத்தகைக் கணக்கியல் தரநிலை. அதன்படி, கணினிகளின் சந்தை மதிப்பு, தவணைகளின் நிகழ்கால மதிப்பு (வரப்போகும் தவணைகளிலிருந்து வட்டியைக் கழித்தால் கிடைக்கும் இன்றைய மதிப்பு) ஆகிய இரண்டில் குறைவானதை, குத்தகை தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கம் சொத்தாகவும் மறுபக்கம் கடனாகவும் எழுத வேண்டும். இங்கே இரண்டும் 10,00,000 ரூபாய்தான். முதல் தவணையில் 1,00,000 ரூபாய் வட்டி, மீதி 3,02,115 ரூபாய் அசல். ஆக, ஆண்டு முடிவில் கடன் 6,97,885 ரூபாயாகக் குறையும். அடுத்த ஆண்டுகளில் வட்டி 69,789 ரூபாயாகவும் 36,556 ரூபாயாகவும் இறங்கும். சொத்தின் விலையை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவாக எழுதும் தேய்மானம் ஆண்டுக்கு 3,33,333 ரூபாய் தனியாக வரும்.

முதல் ஆண்டுச் செலவு 4,33,333 ரூபாய், மூன்றாம் ஆண்டுச் செலவு 3,69,889 ரூபாய் என்று மாறினாலும், மூன்று ஆண்டுகளின் மொத்தம் தவணைத் தொகையான 12,06,345 ரூபாய்தான் என்பதால், "எப்படி எழுதினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு சிறு நிறுவனத்தின் பேரேட்டில் 'கணினி வாடகை' என்ற பக்கத்தில் தவணைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்; இடையில் ரத்து செய்ய முடியாத அந்த ஒப்பந்தத்தின் பாக்கி இருப்புநிலைக் குறிப்பில் எங்குமே இல்லை. தங்களுக்குக் கடனே இல்லை என்று உரிமையாளர்கள் மனதார நம்பி, அந்தக் கணக்கை வைத்தே புதிய கடனுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். இந்தத் தவறை நான் சிறிதாக நினைப்பதில்லை.

கொடுத்தவரின் கணக்கு இதன் மறுபக்கம். அவர் கணினிகளைத் தம் நிலையான சொத்துகளில் காட்டமாட்டார், தேய்மானமும் எழுதமாட்டார். 10,00,000 ரூபாயை வரவேண்டிய தொகையாக எழுதி, ஒவ்வொரு தவணையிலும் வட்டிப் பங்கை மட்டும் வருமானமாக எடுப்பார். தவணை முழுவதையும் வருமானமாகக் காட்டினால், தம் அசலையே இலாபமாகக் காட்டியதாகிவிடும்.

2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இன்ட் ஏஎஸ் 116 என்ற குத்தகைத் தரநிலை பொருந்தும் நிறுவனங்களில், எடுப்பவருக்கு நிதிக் குத்தகை, இயக்கக் குத்தகை (வெறும் வாடகை போன்றது) என்ற பிரிவே கிடையாது; எல்லாக் குத்தகையையும் சொத்தாகவும் கடனாகவும் எழுத வேண்டும். 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகை, மதிப்புக் குறைந்த பொருள்களின் குத்தகை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கொடுப்பவருக்கு அந்தப் பிரிவு இன்றும் தொடர்கிறது.

வருமான வரியை இதனோடு கலக்க வேண்டாம். ஏஎஸ் 19 பதிவுகளால் வரிச் சட்டத்தின் தேய்மான உரிமை மாறாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001-லேயே சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. வாகனங்களைக் குத்தகைக்கு விட்ட நிறுவனத்துக்கே தேய்மானம் உண்டு என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே வரிக் கணக்கீட்டில், நீங்கள் புத்தகத்தில் எழுதிய தேய்மானத்தையும் வட்டியையும் திரும்பக் கூட்டி, செலுத்திய தவணையைக் கழிப்பதற்கான தாளை உங்கள் ஆடிட்டரிடம் முதல் ஆண்டிலேயே தயாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.