மஸ்டாங்கின் புதுத் தரைத்தகட்டிலும் தண்ணீர் ஏன்?

தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது. அதனால்தான் நீங்கள் எழுதியபடி, தரைத்தகடு மாற்றியும் உங்கள் 1967 ஃபோர்ட் மஸ்டாங் காரில் மழைக்குப் பிறகு கால் வைக்கும் இடம் நனைகிறது. முதலில் முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டை ஒட்டியுள்ள கவுலைப் (வெளிக்காற்று உள்ளே இறங்கும் தகட்டுப் பெட்டி) பாருங்கள்.

1965 முதல் 1968 வரையிலான மஸ்டாங்குகளில் அதிகம் பார்க்கும் கோளாறு இது. கவுலுக்குள் காற்று இறங்கும் துளைகளைச் சுற்றி உயர்ந்த விளிம்பு உண்டு. இலை, மண் தேங்கி ஈரம் நின்றால் அந்த விளிம்பு துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சோதிக்க, கார்ப்பெட்டை எடுத்துவிட்டு ஒருவரை டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு இருக்கச் சொல்லுங்கள். கவுல் கிரில்லில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். உள்ளே சொட்டினால் சந்தேகமே வேண்டாம், கவுல்தான். சொட்டாவிட்டால் அடுத்து முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள்.

அப்புறம், தரையில் இருப்பது பிசுபிசுவென்று இனிப்பு வாசனையோடு இருந்தால் அது மழைநீர் அல்ல, ஹீட்டர் கோர் (என்ஜின் கூலன்ட் ஓடும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர்) கசிவு.

கவுல் துளைகளில் பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் விளிம்புகள் தற்காலிகம்தான். சரியான வேலை என்றால் ஸ்பாட் வெல்டுகளை (தகடுகளை இணைக்கும் புள்ளிப் பற்றவைப்புகள்) துளையிட்டு கவுலின் மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். பெயின்ட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

விபத்தில் போன பழைய காரின் ஸ்டீயரிங்கை இதில் மாட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். கட்டாயம் மாட்டுங்கள்.