மாநில உரிமையும் மோசடியைச் சொல்பவரின் உரிமையும்

கேள்வி: அரசுப் பணத்தில் நடக்கும் மோசடியை வெளிக்கொண்டு வரும் ஊழியர்களுக்காக அமெரிக்க மாநிலங்கள் இயற்றியுள்ள சட்டங்களைக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு இணையாகத் திருத்தச் சொல்கிறார்களாமே? மாநில உரிமைக்காக ஓயாமல் எழுதும் உங்கள் இதழ் இதை ஆதரிக்கிறதா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: ஆதரிக்கிறது. இங்கே எந்த மாநிலத்தின் உரிமையும் பறிக்கப்படவில்லை.

உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் வழங்கிய ஒப்பந்ததாரர்களின் மோசடியைத் தடுக்க லிங்கன் காலத்தில், 1863இல், வந்ததுதான் அந்தக் கூட்டாட்சிச் சட்டம்: 'ஃபால்ஸ் கிளெய்ம்ஸ்' (பொய்க் கோரிக்கைகள்) சட்டம். மோசடியை அறிந்த தனிமனிதர் அரசின் சார்பில் தாமே வழக்குத் தொடரலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மோசடி செய்தவர் இழப்பைப்போல் மூன்று மடங்கு செலுத்த வேண்டும். வசூலாகும் தொகையில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை வழக்குத் தொடுத்தவருக்குக் கிடைக்கும்.

ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டின் செலவைக் கூட்டாட்சி அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்வதால், மோசடிக்காரரிடமிருந்து மீட்கும் பணத்தையும் அவை பங்கிட்டுக்கொள்கின்றன. 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஓர் ஏற்பாட்டின்படி, கூட்டாட்சிச் சட்டத்தின் அளவுக்கு வலுவான சட்டம் வைத்திருக்கும் மாநிலத்துக்கு, அதன் சட்டப்படி மீட்கப்படும் மெடிக்கெய்டு தொகையில் பத்துச் சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். செலவில் பாதியை ஏற்கும் மாநிலம் நூறு டாலர் மீட்டால் ஐம்பதுக்குப் பதில் அறுபது டாலரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லும் மாநிலத்தை யாரும் தண்டிப்பதில்லை. விஸ்கான்சின் 2015இல் தன் சட்டத்தையே நீக்கிவிட்டது.

மேலும், கேட்கப்படுவது குறைந்தபட்சத் தகுதியே. வரி ஏய்ப்பைக் கூட்டாட்சிச் சட்டம் தொடுவதில்லை; நியூயார்க்கின் சட்டமோ பெரும் வரி ஏய்ப்புகளையும் உள்ளடக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் ஸ்பிரிண்ட் என்ற தொலைபேசி நிறுவனம் 2018இல் 33 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்த மாநிலம் இன்னும் தூரம் செல்வதை யாரும் தடுக்கவில்லை.

மாநில உரிமையின் பெயரால் பின்தங்கி நிற்பதால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். மேரிலாந்து 2010இல் இயற்றிய சட்டத்தைப் பாருங்கள். மாநில அரசு வழக்கில் சேர மறுத்தால் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்கிறது அது. கூட்டாட்சிச் சட்டத்திலோ, அரசு ஒதுங்கினாலும் தொடுத்தவர் தனியே நடத்தலாம். அப்போது அவர் பங்கு 25 முதல் 30 சதவீதம். வேலையையும் பெயரையும் பணயம் வைத்து முறையிட்ட ஒரு கணக்காளரின் வழக்கை, அரசு அலுவலகத்துக்கு நேரமோ மனமோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, உண்மை பொய் விசாரிக்காமல் மூடிவிடுவது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஒருமுறை திருத்தினால் போதும் என்பதும் இல்லை. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூட்டாட்சிச் சட்டத்தை விரிவாக்கியது. தவறுதலாகக் கூடுதலாக வந்த தொகையைத் தெரிந்தே திருப்பித் தராமல் வைத்திருப்பதும் அதன் வரம்புக்குள் தெளிவாக வந்தது. அதனால் முன்பு தகுதி பெற்றிருந்த மாநிலச் சட்டங்கள் தகுதி இழக்க, அவற்றைத் திருத்த 2013 மார்ச் வரை அவகாசம் தரப்பட்டது. 2016இல் ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்குமான குறைந்தபட்ச அபராதம் 5,500 டாலரிலிருந்து 10,781 டாலராக உயர்ந்தபோது, பழைய தொகையை எண்ணாகவே எழுதி வைத்திருந்த மாநிலங்கள் மறுபடியும் சட்டமன்றம் போக நேர்ந்தது. 'கூட்டாட்சிச் சட்டம் அவ்வப்போது விதிக்கும் தொகை' என்று எழுதியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள குறை வேறு. ஊக்கத்தொகை மெடிக்கெய்டுக்கு மட்டும் என்பதால், டெக்சாஸ் போன்ற மாநிலங்களின் சட்டம் மருத்துவத் திட்டங்களோடு நின்றுவிடுகிறது. அங்கே சாலை ஒப்பந்தத்தில் மாநிலப் பணம் சுரண்டப்படுவதைக் கண்ட பொறியாளருக்கு இந்தச் சட்டத்தால் பயனில்லை. கனெக்டிகட்டும் அப்படித்தான் இருந்தது. 2023இல் தன் சட்டத்தை மருத்துவத்துக்கு அப்பாலும் விரித்துக்கொண்டது. அதற்கு எந்தக் கூட்டாட்சி ஊக்கத்தொகையும் தேவைப்படவில்லை.