நீலகிரியில் காமிக்ஸுக்கென்று தனிக்கடை உண்டா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி, குன்னூர் வருகிறோம். 12 வயது மகளுக்குக் காமிக்ஸ், அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை என்றால் உயிர். வெளிநாட்டில் இவற்றை மட்டுமே விற்கும் கடைகள் இருக்கின்றன. மலையில் அப்படி ஏதாவது உண்டா?

பதில்:

எனக்குத் தெரிந்து இல்லை. லண்டனில் 1978-இல் டென்மார்க் தெருவில் தொடங்கிய ஃபர்பிடன் பிளானட் போல, இந்த மூன்றை நம்பியே நடக்கும் கடை எதையும் நீலகிரியில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் குன்னூர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன், மகளை இங்குள்ள பழைய புத்தகக் கடைகளுக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அதற்கு மே மாதம் ரொம்பப் பொருத்தமான நேரம்.

காரணம் குன்னூரை ஒட்டி இருக்கும் ராணுவ ஊரான வெலிங்டன். 1948-லிருந்து ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் அங்கே நடக்கிறது. முப்படை அதிகாரிகளும், நட்பு நாடுகளிலிருந்து வருகிற அதிகாரிகளும் குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறார்கள். ஜூன் வாக்கில் ஆரம்பிக்கும் படிப்பு ஏப்ரலில் முடிந்துவிடும். அடுத்த ஊருக்கு வீட்டைக் காலி செய்யும்போது, கனமாக இருக்கிறதென்று முதலில் கழிக்கப்படுவது புத்தகம்தான். பிள்ளைகள் படித்து முடித்த டின்டின், ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகள், செங்கல் கனத்தில் ஃபேன்டஸி நாவல்கள் எல்லாம் சாக்கில் ஏறிப் பழைய பேப்பர் கடைக்கு வரும், அங்கிருந்து பழைய புத்தகக் கடைக்குப் போகும். எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போது வெளியே வருகிற புத்தகங்கள் தனி.

நான் வழக்கமாகப் போகும் கடை குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு படிக்கட்டுச் சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். "பாய், படக்கதை ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டால், "ஆபீசர் வீட்டு மூட்டை ஒண்ணு கெடக்கு தம்பி, இன்னும் பிரிக்கல. நீங்களே பிரிச்சுப் பாருங்க" என்பார். எவ்வளவு பெரிய கடையானாலும் இந்த உரிமையை நமக்குத் தராது. உங்கள் மகளுக்கு நான் ஆசைப்படுவதும் இதைத்தான்.

அப்படிப் பிரித்த ஒரு மூட்டையில் கெட்டி அட்டை போட்ட ஆங்கில ஆண்டு மலர் ஒன்று கிடைத்தது. வேலியன்ட் என்று பெயர். புரட்டினால் உள்ளே இரும்புக்கை மாயாவி! என் அப்பா வாய் ஓயாமல் பேசும் அதே மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியுமே, அவர்தான். சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர் கதைதான். இங்கிலாந்தில் 1962-இல் வேலியன்ட் வார இதழ் பிறந்தபோதே இந்தத் தொடரும் பிறந்துவிட்டது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர். தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர், அறிவியல் புனைகதை நாவல்களை ஏராளமாக எழுதிக் குவித்தவர்.

தனிக்கடை ஏன் வேண்டும் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. பொதுவான புத்தகக் கடையில் பல்மரின் நாவல் ஒரு மூலையில் இருக்கும், அவர் எழுதிய படக்கதை குழந்தைகள் பக்கம் கிடக்கும். இரண்டும் ஒரே ஆளின் வேலை என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். நம் கௌபாய் நாயகன் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ, மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் விசித்திரமான விண்வெளிக் கதைகளை வரைந்தவர். முத்து போலவே சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். காமிக்ஸும் விண்வெளியும் மாயாஜாலமும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருந்தால் ஒரு குழந்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே நடந்துபோகும். படக்கதை படிக்கிறாளே, எப்போது "நல்ல" புத்தகம் படிப்பாள் என்று கவலைப்படும் பெற்றோர் நிறையப் பேர். அந்த அலமாரிகளைப் பக்கத்தில் வையுங்கள், போதும்.

தனிக்கடை இல்லாத ஊரில் அந்த வேலையைக் கொஞ்சம் செய்வது மூட்டைதான். ஒரு வீட்டில் ஒருவர் வருஷக்கணக்கில் தேடிப் படித்த புத்தகங்கள் கலையாமல் ஒரே சாக்கில் வருகின்றன. அதனால் மகளுக்குப் பிடித்த புத்தகம் ஒன்று கிடைத்தால் அதோடு கிளம்பிவிடாதீர்கள். அதே சாக்கில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவளைப் போலவே ரசனை உள்ள ஒருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்.

தமிழ் காமிக்ஸ் ஆபீசர் வீட்டு மூட்டையில் வராது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ், குன்னூர் டவுன் வீடுகள் என்று உள்ளூர்க்காரர்கள் பரண் சுத்தம் செய்யும்போது வரும். ராணி காமிக்ஸ், பழைய லயன், முத்து எல்லாம் அபூர்வமாகத் தென்படும். கையில் கிடைத்ததும் நடுப்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் முதலில் பாருங்கள். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்தால் நடுத்தாள்தான் முதலில் கழன்று விழும். முடிவு கிழிந்த கதையை வாங்கிக் கொடுத்தால் குழந்தை ராத்திரி தூங்காது.

இன்னொன்று, ஈரம். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பரில்தான் அடைமழை. அந்த மாதங்களைத் தாண்டி வந்த புத்தகத்தில் பூஞ்சை இருக்கலாம். முகர்ந்தால் தெரியும். வீட்டுக்குப் போனதும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள், பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் வாசலில் வைத்துத் தட்டுங்கள். வெயிலில் போட வேண்டாம். பழைய காமிக்ஸ் எல்லாம் நியூஸ்பிரிண்ட் தாள், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்க ஆரம்பித்துவிடும்.

புதுத் தமிழ் காமிக்ஸ் வேண்டுமென்றால் சிவகாசிக்குச் சந்தா கட்டுவதுதான் நிம்மதி, வீடு தேடி வந்துவிடும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போக முடிந்தால் போங்கள். லயன்-முத்து வாசகர்கள் அங்கே கூடிப் பேசுவார்கள். தன்னைப் போலவே பைத்தியமாக இருக்கும் பெரியவர்களைப் பார்ப்பது உங்கள் மகளுக்கு ரொம்ப நல்லது.

ஊட்டியில் ஏரி, ரோஜாத் தோட்டம் எல்லாம் பார்ப்பீர்கள், சரி. அறிவியல் புனைகதை பிடித்த குழந்தை என்பதால் முத்தொரை பக்கமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும், அகலம் 30 மீட்டர். அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே இப்படி ஒன்று நிற்கிற ஊரில் விண்வெளிக் கதைகளுக்கென்று ஒரு கடை இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. யாராவது தொடங்கினால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

எந்தத் தேதியில் குன்னூர் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒரு மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்லி பாயிடம் சொல்லி வைக்கிறேன்.