தலசீமியா காவி என்றால் சீக்கிரம் கிழடாவோமா? மச்சாளைக் கட்டலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் அவர் பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் போதியளவு உருவாகாத பரம்பரை இரத்த நோய்) காவி என்று வந்ததாம், அதாவது நோயில்லாமல் பிழையான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர். மரபணு ரிப்போர்ட்டில் 'ஐவிஎஸ் 1-5' என்று போட்டிருக்க, டொக்டர் இது ஆர்என்ஏ ஸ்பிளைசிங் பிழை என்றாராம். ஸ்பிளைசிங் பிழையால்தான் முதுமை வருகிறது என்று யூடியூப்பில் பார்த்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறார், போதாததற்கு அம்மாவின் தம்பி மகளைப் பேசியும் வைத்திருக்கிறார்கள்.

தம்பி, முதுமைப் பயத்தை விடுங்கள். மரபணுவைப் பார்த்து எழுதப்படும் முதல் ஆர்என்ஏயில் தேவையில்லாத துண்டுகளும் இருக்கும், அவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டுவதுதான் ஸ்பிளைசிங். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவில் அப்படி வெட்ட வேண்டியவை இரண்டு. முதல் துண்டு 130 எழுத்து நீளம், அதன் ஐந்தாவது எழுத்து உங்களுக்கு 'ஜி'க்குப் பதில் 'சி', 'ஐவிஎஸ் 1-5' என்பது இதுதான். அந்த ஓரெழுத்தால் வெட்டும் இடம் சரியாகப் பிடிபடாமல் தப்பான இடங்களில் வெட்டு விழுந்து, நல்ல ஆர்என்ஏ கொஞ்சம்தான் தேறுகிறது. ஆனால் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் மற்றது நன்றாக இருப்பதால் உங்களுக்குச் சமாளிக்கும். இந்த மரபணுவுக்கு வேலையும் செங்குருதிக் கலங்கள் உருவாகும் இடத்தில் மட்டும்தான், தோலிலோ மூளையிலோ இல்லை.

யூடியூப்காரர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. லமின் ஏ மரபணுவில் ஓரெழுத்து மாறித் தப்பான இடத்தில் வெட்டு விழுவதால்தான் புரோஜீரியா என்ற நோயில் பிள்ளைகள் கிழடாகிறார்கள். அது 2003இல் தெரியவந்தது, அதே கெட்ட புரதம் நம் எல்லோரிடமும் மிகக் கொஞ்சமாக உருவாகிறது. வயதானவர்களின் எலும்பு மச்சையில் வெட்டும் இயந்திரத்தின் மரபணுக்களே கெட்டு ஒருவகை இரத்தசோகை வருவதும் உண்டு. அவையெல்லாம் வேறு கதை. 'ஸ்பிளைசிங்கைச் சரிசெய்யும்' என்று விற்கும் மாத்திரைகளுக்குக் காசு கொட்டாதீர்கள்.

சரி, கலியாணம். உண்மையில் யோசிக்க வேண்டியது இதைத்தான். முதலில் உங்கள் அம்மாவைச் சோதியுங்கள். பிழை அம்மா வழியில் வந்திருந்தால் மச்சாளிடமும் அது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அப்பா வழி என்றால் அவ்வளவு இல்லை, ஆனாலும் அம்மாவின் முடிவு எதுவாயிருந்தாலும் மச்சாளுக்குச் சோதனை அவசியம். அவருக்கு வெறும் எஃப்பிசி (இரத்தக் கலங்களை எண்ணும் சாதாரண சோதனை) போதாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியோ ஹீமோகுளோபின் எலெக்ட்ரோபோரசிஸோ செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் ஈ என்ற மாறிய வகையின் காவியாக இருந்தால் எஃப்பிசி கிட்டத்தட்ட இயல்பாகவே காட்டலாம். உங்கள் பிழையோடு அது சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய் வரும்.

மச்சாள் காவி இல்லையென்றால் தாராளமாகக் கட்டுங்கள், பிள்ளை ஒவ்வொன்றும் காவியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, நோய் வராது. இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு நோய்க்கு, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க மாதாமாதம் இரத்தம் ஏற்றி, அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தோடு இருக்க வேண்டி வரலாம். நம் இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருவதால், கர்ப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பந்தற்கால் நடமுன் சோதித்துவிடுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் எங்கே, எப்படிச் செய்வது என்று கேட்கலாம்.

அப்புறம், இரத்தம் குறைவு என்று யாராவது இரும்பு மாத்திரை எழுதித் தந்தால், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) பார்த்தபிறகே குடியுங்கள்.