லடாக்ல தனியா நடக்க எத்தனை லிட்டர் தண்ணி தூக்கணும்?

தேவகோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவரு, வர்ற செப்டம்பர்ல லடாக்ல ரும்ட்சே கிராமத்துல ஆரம்பிச்சு சோ மோரிரி ஏரிக்கரையில இருக்கிற கோர்சோக் வரைக்கும் ஒரு வாரம் தனியா டென்ட்டும் பையும் தூக்கிட்டு நடக்கப் போறாராம். "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணி சுமக்கணும்"னு கேள்வி.

தம்பி, குடிக்க சமைக்க எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு வச்சுக்கங்க, 5 லிட்டர் பிடிக்கிற மாதிரி பாட்டிலும் மடிக்கிற பையும் எடுத்துக்கங்க. ஆனா லிட்டர் கணக்கு ரெண்டாவதுதான். பழனி ரோட்டுல குன்றக்குடி தாண்டுனதுல இருந்து தண்ணிப் பந்தல், மோர்ப் பந்தல்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுப்பாங்க, சொம்பு கூட வேண்டாம். லடாக்ல வருஷம் முழுக்கப் பெய்யிறதே சுமாரா 100 மில்லிமீட்டர் மழை, நம்ம ஊர்ல ஐப்பசியில ரெண்டு நல்ல மழைக்கு அதை வாங்கிரலாம். அதனால தினமும் கெளம்பும்போது கேக்க வேண்டியது, அடுத்த நிச்சயமான தண்ணி எங்க இருக்கு, அது வரைக்கும் எத்தனை மணி நேரம்ங்கறதுதான். டென்ட் போடுற இடங்கள்ல பெரும்பாலும் தண்ணி இருக்கும், நடுவுல கணவாய் ஏறி இறங்குற நேரந்தான் காய்ஞ்சு கிடக்கும், செப்டம்பர்ல சின்ன ஓடைகளும் வத்திப் போயிருக்கும். அந்தத் தூரத்துக்கும், கூட ஒரு அரை நாளைக்கும் தூக்குங்க, அதுக்கு மேல வேண்டாம், 1 லிட்டர்னா 1 கிலோ, 5000 மீட்டர் உயரத்துல அந்த ஒரு கிலோ மூச்சை வாங்கிரும்.

மேப்ல நீலமா தெரியறதெல்லாம் தண்ணின்னு நம்பிராதீங்க. உங்க வழியில வர்ற சோ கர் ஏரி உப்பு ஏரி, கரையெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்கும். அதுக்குப் பக்கத்துலயே ஸ்டார்ட்சாபுக் சோன்னு இன்னொன்னு, அது நல்ல தண்ணி. காரைக்குடிச் சம்பை ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்த நாக்குக்கு ஒரு சொட்டுலயே வித்தியாசம் தெரிஞ்சுரும். ஆடு மேய்க்கிற சாங்பா மக்களோட கூடாரத்தைப் பாத்தா ஜூலேன்னு வணக்கம் சொல்லிட்டு "சூ"ன்னு கேளுங்க, அவங்க பாஷையில தண்ணிக்கு அதான் பேரு, கை காட்டிருவாங்க.

பனி உருகி வர்ற ஓடையில காலையில தண்ணி கம்மி, சாயங்காலம் பெருகி வண்டலோட ஓடும். அதனால ஓடையைக் கடக்கிறதைக் காலையில வச்சுக்கங்க, தண்ணி பிடிக்கிறதை முதல் நாள் சாயங்காலமே முடிச்சிருங்க, விடிஞ்சு பாத்தா ஓரமெல்லாம் ஐஸ் கட்டியிருக்கும். கலங்கலா இருந்தா பாத்திரத்துல தெளிய விட்டு மேலாக மொண்டு எடுங்க, நம்ம ஊரணித் தண்ணிக்குத் தேத்தாங்கொட்டை உரசி வைப்பாங்கள்ல, அதே மாதிரி மொதல்ல தெளியணும், அப்புறந்தான் ஃபில்டர்.

இந்த ஃபில்டர் விஷயத்துல நானே அடிபட்டவன். முதல் தடவை போனப்ப ராத்திரி டென்ட்டுக்கு வெளிப்பக்கம் பையிலயே விட்டுட்டேன், காலையில உருகுனதும் தண்ணி என்னைக்கும் இல்லாத வேகத்துல வந்துச்சு, அடடா நல்லா வேலை செய்யுதேன்னு குடிச்சேன், மூணாம் நாள் வயித்தால போக ஆரம்பிச்சு எந்திரிக்கவே முடியல. உள்ள இருக்கிற மெல்லிசுக் குழாய்க உறைஞ்சா வெடிச்சிரும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு தடவை உறைஞ்சதை மறுபடி நம்பவே கூடாது. ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள உடம்போட வச்சுப் படுங்க, ரெண்டு பாட்டில் தண்ணியும் கூடவே. வெளிய வைக்கிற பாட்டிலைக் கவுத்து வைங்க, ஐஸ் மேல்மட்டத்துல இருந்துதான் கட்டும், அப்ப மூடிப் பக்கம் அடைக்காது. டியூப் வச்சு உறிஞ்சுற பை வேண்டாம், டியூப்தான் முதல்ல உறையும். குளோரின் மாத்திரை குளிர்ந்த தண்ணியில வேலை செய்ய நேரம் கூட எடுக்கும். கொதிக்க வச்சா 3 நிமிஷம் விடுங்க. அந்த உயரத்துல சுமார் 85 டிகிரியிலயே கொதிச்சிரும், கிருமி சாகும், ஆனா அரிசி பருப்பு வேகாது. அவல், மாவுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எடுத்துட்டுப் போங்க, முறுக்கைக் கொறைங்க, உப்பு தாகத்தை இழுக்கும். அடுப்புக்கான கேஸ் கேன் ஃபிளைட்ல விடமாட்டாங்க, லடாக்கோட பெரிய ஊரான லேல வாங்கிக்கலாம்.

அங்க வேர்வை தெரியாது, தாகமும் சரியாத் தெரியாது, காஞ்ச காத்து மூச்சு வழியா ஈரத்தை உறிஞ்சிரும். சிறுநீர் மஞ்சளா போனா அப்பவே குடிக்கணும்.

ஒண்ணு உள்ளதைச் சொல்றேன், முதல் தடவையே இந்த வழியில தனியா போகாதீங்க. இந்த வருஷம் மார்க்கா பள்ளத்தாக்கு போங்க, பெரும்பாலும் ஆத்தை ஒட்டியே நடை, கிராமத்துக்குக் கிராமம் வீட்டுல தங்கலாம், அடுத்த வருஷம் கோர்சோக். எங்க போனாலும் லேல, அது 3500 மீட்டர், மூணு நாள் சும்மா இருந்துட்டுக் கெளம்புங்க. நம்ம பிரீபெய்ட் சிம் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேணும், அதுவும் மலைக்குள்ள போனா கெடைக்காது. சாட்டிலைட் போன் அனுமதி இல்லாம வச்சிருந்தா நம்ம நாட்டுல கேஸ் ஆயிரும். அதனால எந்த ராத்திரி எந்த இடம், எந்தத் தேதிக்குள்ள போன் வரலன்னா லேல யாரைக் கூப்பிடணும்னு ஒரு தாள்ல எழுதி வீட்டுலயும், லேல நீங்க தங்குற எடத்துலயும் குடுத்துட்டுப் போங்க தம்பி.