ஓரத்தில் மட்டும் வளையும் நட்சத்திரங்கள்: வெட்ஜ் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): என்னிடம் 6 அங்குல ஷ்மிட்-காசிகிரேன் தொலைநோக்கி, ஒற்றைக் கை கொண்ட கணினி மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பீடம்), 0.63 ரெட்யூசர் (குவியத்தூரத்தைக் குறைக்கும் கண்ணாடி), 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா இருக்கின்றன. ஏப்ரல் நடுவில் இரவு 11:30 மணிக்கு ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தை 30 வினாடி வீதம் எடுத்தேன். நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றன. மூலைகளில் வில்லாக வளைந்து நீள்கின்றன. மோட்டார் கோளாறா? வெட்ஜ் (மவுண்ட்டைச் சாய்த்து நிறுத்தும் ஆப்பு வடிவத் தாங்கி) வாங்கினால்தான் சரியாகும் என்கிறார்கள். கோட்டூவும் (பொருளைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி) சில நாள் பொருளைத் தவறவிடுகிறது.

பதில்: மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அது பிசகினால் படம் முழுவதும் எல்லா நட்சத்திரங்களும் ஒரே திசையில், ஒரே நீளத்துக்கு இழுபடும். நடு தப்பி மூலை மட்டும் வளைந்தால் அது படப்புலச் சுழற்சி. ஆனால் ரெட்யூசர் பொருத்தியிருப்பதால் ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். அதே இடத்தை 2 வினாடியில் ஒரு படம் எடுங்கள். அதிலும் மூலை நட்சத்திரங்கள் முட்டை வடிவில் இருந்தால் குற்றம் கண்ணாடிப் பக்கம். ரெட்யூசரின் பின்விளிம்பிலிருந்து சென்சார் வரை 105 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வழக்கமான டி-அடாப்டர் (கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் குழல்) 50, டி-வளையமும் கேமரா உடலும் சேர்ந்து 55. நடுவில் வேறு எந்த வளையத்தையும் நுழைக்காதீர்கள். 2 வினாடிப் படம் சுத்தமாக இருந்தால் மேலே படியுங்கள்.

டர்பனில் தென் வான்துருவம் தெற்கு அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் நிற்கிறது. வானம் அதைச் சுற்றுகிறது. உங்கள் மவுண்ட்டுக்குத் தெரிந்ததோ மேல்-கீழ், இட-வலம் என்ற இரண்டு அசைவுகள் மட்டுமே. ராட்டினம் சுற்றும்போது அதன் தொட்டி எப்போதும் நிமிர்ந்தே தொங்குவதுபோல, உங்கள் கேமராவும் பொருளை விடாமல் தொடர்ந்தாலும் நிமிர்ந்தே இருக்கிறது. சட்டகத்துக்குள் வானம் மெல்லத் திரும்புகிறது.

எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அது வானமெங்கும் ஒரே அளவில் இல்லை. டர்பனுக்குக் கணக்கு இது: 13-ஐத் திசைக்கோணத்தின் (வடக்கிலிருந்து அடிவானத்தை ஒட்டி அளக்கும் கோணம்) கொசைனால் பெருக்கி, உயரக்கோணத்தின் கொசைனால் வகுத்தால் மணிக்கு இத்தனை பாகை என்று வரும். மொரிஷியஸில் இருப்பவர்கள் 13-க்குப் பதில் 14 போட்டுக்கொள்ளலாம். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் திசைக்கோணத்தின் கொசைன் பூஜ்யம், ஆகவே சுழற்சியும் பூஜ்யம். தெற்கிலோ வடக்கிலோ உச்சியை நெருங்க நெருங்க வகுக்கும் எண் சிறுத்து, விடை எகிறிவிடும்.

உங்கள் படத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அன்று 11:30 மணிக்கு ஒமேகா சென்டாரி ஏறக்குறைய நேர் தெற்கில் 72 பாகை உயரத்தில் இருந்தது. சுழற்சி மணிக்கு 42, 43 பாகை. 6000-க்கு 4000 பிக்சல் சென்சாரில் நடுவிலிருந்து மூலைக்கு 3600 பிக்சல். அங்கே ஒரு பாகை என்பது 63 பிக்சல். 30 வினாடியில் மூலை நட்சத்திரம் 22 பிக்சல் நகர்ந்திருக்கும். நீங்கள் பார்த்த வளைவு அதுவே.

அதே கொத்து அதே இரவில் 8 மணிக்குத் தென்கிழக்கில் 42 பாகை உயரத்தில் இருந்தது. அப்போது சுழற்சி மணிக்கு 11 பாகைதான், அதாவது நாலில் ஒரு பங்கு. 15 வினாடி எக்ஸ்போஷர் வைத்தால் மூலையில் 3 பிக்சல்கூட நகராது. ரெட்யூசரோடு உங்கள் குவியத்தூரம் 945 மில்லிமீட்டர், 3.9 மைக்ரான் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் வானில் 0.85 வில்விநாடி (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு). காற்றின் நடுக்கம் 3 வில்விநாடி என்றால் நட்சத்திரமே மூன்றரை பிக்சல் அகலம். அந்த 3 பிக்சல் நகர்வு அதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். கொத்தின் அகலம் 36 வில்நிமிடம். உங்கள் சட்டகமோ 85-க்கு 57. ஓரத்தை வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே போயிற்று.

ஆக, மாற்ற வேண்டியது நேரத்தை. ஏப்ரல் நடுவில் 7 மணிக்கு இருட்டியதும் தொடங்கி ஒன்பதேகாலுக்குள் முடியுங்கள். அதற்கு மேல் சுழற்சி 16 பாகையைத் தாண்டி வேகமாக ஏறும். இடையில் 8 மணியைச் சுற்றி ஒரு கண்ணி இருக்கிறது. அதுவரை கிழக்கு நோக்கி நகர்ந்துவந்த திசைக்கோணம் அங்கே நின்று, திரும்பித் தெற்கு நோக்கிப் போகத் தொடங்கும். பல்சக்கரத்தின் தளர்வை மோட்டார் கடக்கும்வரை படம் அங்குமிங்கும் அலையும். கால் மணி, இருபது நிமிடம் கேமராவுக்கு ஓய்வு கொடுத்து, அந்த நேரத்தில் குவியத்தைச் சரிபாருங்கள். மேல்-கீழ் அச்சில் இந்தத் தொல்லை குறைவு, கேமராவின் எடை பல்லை ஒரே பக்கமாக அழுத்தி வைத்திருக்கும். அதனால் குழாயை மிகச் சரியாகச் சமன் செய்யாமல் சற்றே ஒருபக்கம் கனமாக விடுங்கள். ஜூலை நடுவில் இதே சாதகமான நிலை இரவு 9:40 மணியளவில் தென்மேற்கில் திரும்ப வரும்.

இந்த மவுண்ட்டுக்கு ஒமேகா சென்டாரியைவிடத் தோதான பொருட்கள் உண்டு. உங்கள் அட்சரேகைக்குச் சற்று வடக்கே சரிவு (வான நடுக்கோட்டிலிருந்து அளக்கும் கோணம்) உள்ளவை நேர் கிழக்கையே ஒட்டி உயர ஏறும். ஜூலை நடுவில் இரவு 8 மணிக்கு லகூன் நெபுலா டர்பனில் நேர் கிழக்கே 56 பாகை உயரத்தில் இருக்கும். அந்தக் கணத்தில் சுழற்சி இல்லை. ஒரு மணி முன்னால் மணிக்கு 2 பாகை, ஒரு மணி பின்னால் 6 பாகை, அவ்வளவே. சிற்பி மண்டலத்து என்ஜிசி 253 விண்மீன்திரளும் இப்படியே. எம் 83 விண்மீன்திரள் டர்பனின் தலைக்கு நேர் மேலே கடக்கிறது. ஆனால் 75 பாகைக்கு மேல் தொடராதீர்கள். உச்சியில் திசைக்கோண மோட்டார் ஒரே வீச்சில் அரைவட்டம் திரும்ப வேண்டியிருக்கும். அதோடு ஒற்றைக் கை மவுண்ட்டில் குழாயின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா அடிப்பாகத்தில் இடிக்கும். கைக்கருவியில் (மவுண்ட்டை இயக்கும் பொத்தான் பெட்டி) உயர வரம்பைக் குறைத்து வைத்துவிடுங்கள். 47 துக்கானே கொத்தும் டாரன்டுலா நெபுலாவும் துருவத்துக்கு மிக அருகே இருப்பதால் நேர் கிழக்கைத் தொடுவதே இல்லை. 47 துக்கானேயின் சுழற்சி எந்த நேரத்திலும் மணிக்கு 13-க்கும் 19-க்கும் இடையில். அவற்றுக்கு 10 வினாடியே போதும் என்று இருங்கள்.

வெட்ஜ் தவறான கருவி இல்லை. அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்ப்பதால் சுழற்சியை அடியோடு நிறுத்தும். ஆனால் நமக்கு வடக்கத்தியர்களின் துருவ நட்சத்திரம் போல ஒன்று கிடையாது. தென் துருவத்தருகே உள்ள சிக்மா ஆக்டான்டிஸின் பிரகாச எண் 5.4 (எண் கூடினால் மங்கல்), சாட்ஸ்வொர்த் தெருவிளக்குகளுக்கு நடுவே கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. அச்சை அடிவானத்திலிருந்து 30 பாகைக்குச் சாய்த்தால் லேசான முக்காலியில் எடை ஒருபக்கம் தொங்கும், காற்று வந்தால் ஆடும். சுழற்சி நின்றாலும் பல்சக்கரத்தின் இயல்பான பிசகு அப்படியேதான் இருக்கும்; நீங்கள் 30 வினாடியைத் தாண்டுவது அபூர்வம். அந்தப் பணத்தைப் பிறகு ஒரு நல்ல நடுவரை மவுண்ட்டுக்கு (அச்சைத் துருவத்தை நோக்கி வைப்பதற்கென்றே செய்தது) சேர்த்து வைப்பதே என் யோசனை. சதர்லாந்தில் உள்ள சால்ட் பெருந்தொலைநோக்கிகூட வெட்ஜில் உட்காரவில்லை. அதன் ஆடி உச்சியிலிருந்து 37 பாகைச் சாய்விலேயே நிலையாக நிற்கிறது, சுழற்சியை மேலே உள்ள கருவிப்பகுதி திரும்பி ஈடுகட்டுகிறது.

எடுக்கும் முறைக்கு வருவோம். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, 15 வினாடி, 240 படங்கள்: மொத்தம் ஒரு மணி. பத்துப் பதினைந்து படத்துக்கு ஒருமுறை அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டிச் சட்டகத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் சென்சாரின் நிலையான இரைச்சல், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தபின் கோடுகோடாகத் தெரியும். இரவு முடிவில் மூடியைப் போட்டு அதே 15 வினாடி, அதே ஐஎஸ்ஓவில் 20, 30 டார்க் (இரைச்சலைக் கழிக்க உதவும் இருட்டுப் படம்) எடுங்கள். கேமராவைக் கழற்றாமல் குழாய் வாயில் வெள்ளை டி-சட்டையைக் கட்டி ஃப்ளாட்டும் (ஓர மங்கலையும் தூசி நிழலையும் நீக்க உதவும் சீரான வெளிச்சப் படம்) எடுத்துவிடுங்கள். சிரிலோ டீப்ஸ்கைஸ்டாக்கரோ, இரண்டில் எந்த மென்பொருளும் படங்களைத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும். அடுக்கும்போது சுழற்சி ஒரு பிரச்சினையே இல்லை, மூலைகள் மட்டும் வெட்டுப்படும். காற்றிலும் பல்சக்கரத்திலும் கெட்ட படங்களை இரக்கமில்லாமல் தள்ளுங்கள், நூற்றுக்கு இருபது முப்பது போவது சகஜம்.

குவியத்தை ஆல்ஃபா சென்டாரியில் பாட்டினோவ் மூடி (குவியம் பார்க்க உதவும், கீற்றுகள் வெட்டிய மூடி) போட்டுப் பிடியுங்கள். கடைசித் திருப்பு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும், அப்போதுதான் உள்ளே ஆடி நழுவாது. டர்பனின் ஈரக்காற்றில் முன்கண்ணாடி சீக்கிரம் பனிக்கும். பனிக்காப்பு உறையும் சூடேற்றும் பட்டையும் அவசியம்.

கோட்டூ தவறுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் தேதி. பல கைக்கருவிகள் மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் கேட்கும். நம் பழக்கத்தில் போட்டால் ஏப்ரல் 5 மே 4 ஆகிவிடும். நேர மண்டலம் கூட்டல் 2, கோடை நேரம் இல்லை, அட்சரேகை தெற்கு, மூன்றையும் பாருங்கள். அலைன்மென்ட்டுக்கு (தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி மவுண்ட்டுக்கு வானத்தை அறிமுகப்படுத்துவது) ஏப்ரலில் இரவு 8 மணிக்கு அகத்தியமும் சித்திரையும் நல்ல ஜோடி, கருவியில் கனோபஸ், ஸ்பைகா என்று இருக்கும். நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் ஒரே இரண்டு பொத்தான்களால் முடியட்டும். பல மவுண்ட்டுகளில் அவை மேலும் வலமும். பல்லின் தளர்வு அப்போது ஒரே பக்கம் ஒதுங்கும். அதற்கும் மசியாவிட்டால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பேனா பேட்டரிகள் சற்று இறங்கினாலே மவுண்ட் கண்டபடி ஓடும். 12 வோல்ட் பேட்டரிக்கு மாறிவிடுங்கள்.